இம்பாலில் ஒரு நிலக்கடலை

கிழக்காசியச் சண்டையை டோக்கியோவிலிருந்து நடத்தினார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது சுத்தத் தவறு. அதை நடத்தியவர் என் அண்ணன். அரியலூரில், ஒரு நிலக்கடலை மண்டியில் உட்கார்ந்துகொண்டு. ஊரில் அவருக்குப் பெயரே 'டோக்கியோ'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தவர்கள் வீடு தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனை விரட்டித் தர ஜப்பான்காரன் வருகிறான் என்பது அவர் கட்சி. குரும்பலூரிலிருந்து வண்டி கட்டி வந்த குடியானவர் கடலை விலை கேட்டால், மலேயா நிலவரம் சொல்வார். பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஜப்பானிய வணக்கம் கற்றுக்கொண்டு, வருகிறவர்களை இடுப்பை மடித்துக் கும்பிடுவார். பயந்துபோய் மூட்டையோடு எதிர் மண்டிக்குப் போனவர்கள் உண்டு. ஒருநாள் வானத்தில் விமானம் உறுமியபோது தெருவே கட்டிலுக்கடியில் புகுந்தது. அண்ணன் மட்டும் மாடியேறி, வேட்டியை அவிழ்த்து ஆட்டினார். நம் வீடு இதுதான் என்று அடையாளம் காட்டினாராம். அது பிரிட்டிஷ் விமானம் என்று மறுநாள் தெரிந்தது. "அதான் என்னப் பாத்ததும் ஓடிட்டான்" என்றார்.

நான் பெண்கள் பள்ளி ஆசிரியை. பள்ளியில் கிழிந்து ஒதுக்கிய ஆசியா வரைபடம் ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்த பாவி நான்தான். அதை மண்டிக் கட்டிலில் விரித்தார். புளியங்கொட்டை ஜப்பான் படை. வறுத்த நிலக்கடலைப் பருப்பு பிரிட்டிஷ் படை. காலை ரயிலில் பத்திரிகை வந்ததும் கொட்டைகள் நகரும். தோற்ற கடலைகளை வாயில் போட்டுக்கொள்வார். சிங்கப்பூரை ஒரே கைப்பிடியில் முடித்தார். ரங்கூனில் உப்புப் போதவில்லை என்றார்.

அதுவரை நானும் சிரித்தேன். பிறகு என் ஒரே மகன், என்னிடம் சொல்லாமல் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து, பர்மா எல்லைக்குப் போய்விட்டான். வெள்ளைக்காரன்மேல் எனக்கும் பிரியம் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து, என் மகன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கவேண்டும். பள்ளி விட்டதும் நேராக மண்டிக்குப் போவேன். அவர் தின்று தீர்த்த இடத்திலெல்லாம், அவர் மூட்டையிலிருந்தே கடலை எடுத்துப் பரப்புவேன்.

"ஏ புள்ள, செத்தவன எப்புடி எழுப்புற?"

"நீ தின்னுகிட்டே இரு, நான் வச்சுகிட்டே இருப்பேன்."

இந்தியா விடுதலை பெற்றால் அது உன் மகனுக்கும்தானே என்பார். விடுதலையை அனுபவிக்க அவன் உயிரோடு வேண்டாமா என்பேன். வாரக்கணக்கில் இதே வழக்கு. மண்டியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காது குத்துறப்ப ஒன் மடியிலதானண்ணே ஒக்காந்தான்? சப்பான்காரன் குண்டு, இவன் டோக்கியோவோட தங்கச்சி மவன்னு பாத்து வெலகிப் போவுமா?"

அந்த வாரம் படத்தில் ஒரு கடலையும் குறையவில்லை.

மகனின் கடிதங்களில் ஊர்ப் பெயர்மேல் தணிக்கைக்காரர்கள் மை பூசியிருப்பார்கள். கடைசியாக வந்ததை அண்ணன் வெயிலில் தூக்கிப் பிடித்து, அரைமணி நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப்பின் கடிதமே இல்லை. நான் மண்டிப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

இம்பாலை ஜப்பான்காரன் வளைத்துவிட்டான் என்று பத்திரிகையில் வந்த அன்று, அந்தப் படத்தைக் கிழித்துப் போடுவது என்றே போனேன். இம்பாலைச் சுற்றி ஒரே புளியங்கொட்டை. நடுவில் ஒரே ஒரு கடலை, ஓடு உடைக்காதது.

கையை நீட்டினேன். "அதத் தொடாத" என்றார் அண்ணன்.

"ஏன், அதையும் திங்கணுமா?"

"அது நம்ம பய. ஓட்டோட வச்சிருக்கேன்."

அன்று கடிதத்தில் மைக்குக் கீழே என்ன படித்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சண்டை முடிந்து, புளியங்கொட்டைகளெல்லாம் குப்பைக்குப் போயின. அந்தக் கடலை மட்டும் படத்தில் இருந்தது. ஜப்பான் தோற்றதை அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. என் மகன் நின்ற பக்கம் தப்பான பக்கம் என்று நானும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளப் போவதுமில்லை. இப்போதும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் என் கையிலிருந்து சாக்பீஸ் விழுகிறது. என்னிடம் யார் என்ன அரசியல் பேச முடியும்?

சண்டை முடிந்த சில மாதங்களில் மகன் வந்தான். காலைச் சற்று இழுத்து நடந்தான். ரயிலிலிருந்து இறங்கியவன் பசியோடு மாமன் மண்டிக்குள் நுழைந்து, படத்திலிருந்த கடலையை எடுத்துப் பட்டென்று உடைத்தான். அண்ணன் பதறி எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இரண்டு பருப்பு. ஒன்றைத் தின்று, காறுகிறது என்று முகம் சுளித்தவன், மற்றதை மாமன் வாயில் திணித்தான்.

பிரிட்டிஷ் படை மொத்தத்தையும் கடித்து விழுங்கிய அந்த வாய், அந்த ஒரு பருப்பை மத்தியானம்வரை மெல்லாமலே வைத்திருந்தது.