நாலு பெட்டி மீன் எங்கே?

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணன் சிறையிலிருந்து எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே மூன்று பேர் படுக்கும் அறையில் ஆறாவது ஆளாகச் சுகமாகவே இருக்கிறேன்.

நீ பிடித்துக் கொடுத்த வக்கீலைப் பற்றி எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். பில் போடாமல் மீன் விற்றேன், வரி கட்டவில்லை, தப்புதான். பத்துப் பெட்டி வாங்கியிருக்கிறாய், ஆறுக்குத்தான் பில் இருக்கிறது, மீதி நாலு எங்கே என்று வரி அதிகாரி கேட்டதும் நியாயம்தான். அதற்கு உன் வக்கீல் கண்டுபிடித்த பதில் என்ன? "நாலு பெட்டி அழுகிப்போச்சு, குப்பையில கொட்டிட்டேன்னு சொல்லுங்க. அழுகின மீனுக்கு ஏது வரி?" அழுகிய மீன்! அப்பா ஆரம்பித்த கடையில்! விடியுமுன் துறைமுகத்துக்குப் போய், ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவன் நான். சரி, ஜெயிலுக்கு இது தேவலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டில் ஏறி, "அழுகிப்போச்சுங்க" என்று ஆரம்பித்தும்விட்டேன். பார்த்தால், முன்வரிசையில் பதினெட்டு வருஷமாக நம்மிடம் இறால் வாங்கும் ஹோட்டல்காரர். மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்து ஆளிடம், "இந்தச் சரக்கையா நான் இத்தன நாளா ஆக்கிப் போட்டேன்?" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "எவன் கடை மீன் அழுகுச்சு? மத்தியானத்துக்குள்ள பத்துப் பெட்டியும் வித்துடும்! ஒரு மீன் மிஞ்சினா என் மீசைய எடுத்துடறேன்!" என்று கத்திவிட்டேன். அரசு வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். நம் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். பத்து மாதம்.

நேற்று உன் அண்ணி பார்க்க வந்தாள். "உங்க வாய யாரு திறக்கச் சொன்னது? மீனோட மானம் பெருசு, எங்க மானம் போனா பரவாயில்லையா? அழுகுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆகவே தம்பி, மேல்முறையீட்டுக்கு அந்த மகானுபாவரே மனு எழுதட்டும். நாலு பெட்டி என்ன, நாற்பது பெட்டி அழுகியது, கடையே நாறியது, கோபத்தில் உளறிவிட்டேன் என்று எழுதச் சொல். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். திங்கட்கிழமையே மனுவோடு வா. இங்கே இனி ஒரு நாள்கூட என்னால் தாங்க முடியாது.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. வக்கீலுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தீர்ப்பின் நகல் கைக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் நீதிபதி எழுதியிருக்கிறார்: 'குற்றஞ்சாட்டப்பட்டவரின் கடையில் மீன் ஒருபோதும் அழுகியதில்லை என்பது ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது.' நாலு தடவை படித்தேன். கீழே முத்திரையும் இருக்கிறது. எந்த மீன்கடைக்காரனுக்குக் கிடைக்கும் இது? மேல்முறையீட்டில் ஜெயித்தால் இந்த வாக்கியம் அடிபட்டுப் போகும். ஆகையால் மனு வேண்டாம், ஒரு போர்வை மட்டும் கொண்டு வா, பத்து மாதமும் இருந்துவிட்டே வருகிறேன். அண்ணியிடம் இதை நீதான் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.