கொக்கு முன்னால் நடந்த நேர்முகத் தேர்வு

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் சித்தியும் போன புதன்கிழமை பம்ப் கம்பெனி நண்பர் உங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லும்வரை நலமாக இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் சொன்னது உண்மை. வரிசைதான் தப்பு. "மெக்கானிக்கல் படிச்ச பையன் கொக்கு முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு ஆடுறான்" என்று ஆரம்பித்திருப்பார். அது நடுப்பகுதி. முதலிலிருந்து சொல்கிறேன், முழுவதும் படித்துவிட்டுத் திட்டவும்.

இந்த உயிரியல் பூங்காவில் நான் பயிற்சிக் கீப்பராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாத முடிவில் நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்லிவிடுவார்கள். வந்த வாரமே தண்ணீர்த் தொட்டி வால்வைச் சரிசெய்து, தீனி நிறுக்கும் தராசைத் திருத்தி, நீர்யானைக் குளத்து வடிகட்டியைக் கழற்றி மாட்டினேன். "மெஷினெல்லாம் சரி, மிருகத்தோட என்ன செய்வே?" என்றார் தலைமைக் கீப்பர். எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் அதட்டினால் சிங்கம்கூட உட்காரும். என்னைப் பெண் பெருங்கொக்கு ஒன்றிடம் அனுப்பினார். இது குளத்தோரம் நிற்கிற சாதாரணக் கொக்கு இல்லை சித்தப்பா, நிமிர்ந்தால் என் தோளுக்கு வரும். இனத்திலேயே சில நூறுதான் மிச்சம். குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்ததால் தன்னையும் மனிதப் பிறவி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு ஆண் கொக்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டுக்கும் தையல் போட வேண்டியதாயிற்று. என்னைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி, ஒரு குச்சியைக் கொத்தி மேலே எறிந்தாள்.

"போச்சு, உன்னைத்தான் புடிச்சிருக்கு" என்றார் அக்கா.

"எனக்குப் புடிக்க வேணாமா?"

"உன்னை யாரு கேட்டா?"

ஜோடி சேர்ந்து ஆடினால்தான் பெண் கொக்குக்கு முட்டையிடத் தோன்றும். மீதி வேலை கால்நடை மருத்துவருடையது. சித்தியும் படிப்பார் என்பதால் விவரிக்கவில்லை. ஆட்டம் என் பங்கு. கையை விரிக்க வேண்டும், குதிக்க வேண்டும், புல்லைப் பிடுங்கி எறிய வேண்டும். அவள் நிறுத்தும்வரை நான் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால், நீ வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டாள். இரண்டு பருவமாக முட்டை இல்லை. இந்தப் பருவமும் முடியப்போகிறது. முட்டை வராவிட்டால் என்னைப் பற்றி அக்கா இரண்டே வரி எழுதுவார், இரண்டும் நன்றாக இருக்காது.

இந்த நேரத்தில்தான் உங்கள் நண்பர் சொல்லாமல் கொள்ளாமல், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, உங்க சித்தப்பா அனுப்பினார். இதையே இன்டர்வியூன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம் சார், ஆனா நிக்க முடியாது."

"பரவாயில்ல, உக்காந்தே பேசலாம்."

"அதுவும் முடியாது சார்."

பாவம், கேட்டார். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. என்ன பாப்பீங்க?" "உறிஞ்சுற குழாய்ல காத்து புகுந்திருக்கான்னு பாப்பேன் சார்" என்று சொல்லி ஒரு பிடி புல்லை எறிந்தேன். "அடுத்து?" "அடி வால்வு சார்", ஒரு குதி. எல்லாப் பதிலும் சரி. அதை உங்களிடம் சொன்னாரா? மாட்டார். கடைசிக் கேள்விக்கு அவருக்கே உற்சாகம் தாங்காமல், "சபாஷ்!" என்று இரண்டு கையையும் விரித்துவிட்டார். அவ்வளவுதான். அவள் என்னை அம்போ என்று விட்டுவிட்டு வேலியோரம் போய், அவருக்குத் தலை தாழ்த்தி, குச்சி எறிந்தாள். அவர் ஓட, இவளும் வேலியோரமாகக் கூடவே ஓட, அக்கா எங்கிருந்தோ வந்து, "சார், ஓடாதீங்க! ஆடுங்க சார், ஆடுங்க!" என்று கத்த, மனிதர் ஆடினார். இருபது நிமிடம். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். என்னைவிட நன்றாகவே ஆடினார்.

அன்றிலிருந்து நாலு நாளாக அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் தனியாகக் குதிக்கிறேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போதும் சித்தப்பா. பம்ப்புக்குக் கோளாறு வந்தால் காரணம் இருக்கும், கழற்றிப் பார்க்கலாம். திங்கட்கிழமை பம்ப் கம்பெனி வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு மாறாது. சித்தியை நான் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முட்டை! அவள் பக்கத்தில் யாரையும் விடவில்லை. கொத்தியதில் அக்காவின் ரப்பர் பூட்சில் இரண்டு ஓட்டை. நான் போனேன். என்னைப் பார்த்தாள், மெதுவாக எழுந்தாள், தீனித் தட்டை நோக்கி நடந்தாள். அந்த இடைவெளியில் அக்கா அசல் முட்டையை இன்குபேட்டருக்கு எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் மரத்தில் செய்த போலி முட்டை ஒன்றை வைத்தார்.

"அவ எங்க போறா, அக்கா?"

"சாப்பிட. ஜோடியில ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் அடைகாக்கணும். உக்காரு."

அடைகாக்க முப்பது நாள், சித்தப்பா. திங்கட்கிழமை வர இயலாது. இந்த வரிகளையே முட்டையின் மேல் பாரம் படாமல் குந்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.