தம்பி பேசாத கேசட்

சேரப்பணஞ்சேரி,
12-12-1991

அன்புள்ள தம்பி தமிழ்வாணனுக்கு,

அக்கா கலைமதி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆவல் நிறைய இருக்கிறது. நலம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல். ஜெர்மனியில் பனி முழங்கால் வரைக்கும் விழுகிறது என்று எழுதியிருந்தாய். கம்பளிக் குல்லாய் போட்டுக் காதை நன்றாக மூடிக்கொள். நான் சொல்வதை மட்டும் காதில் வாங்கு.

உன்னோடு டிரெய்னிங் வந்த பையன் ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் வீட்டுக்கு வந்து நீ கொடுத்தனுப்பிய கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அவசரத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை, என்ன ஏது என்றும் சொல்லவில்லை. அட்டையில் உன் கையெழுத்தில் 'குளிர்காலம், வீட்டில் கேட்க' என்று எழுதியிருந்தது. இதைப் படித்தால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? தீபாவளிக்கு நீ பேசி அனுப்பி, டேப் சிக்கி அறுந்துபோன கேசட்டைப் போல இதுவும் ஒன்று, உன் குளிர்காலத்துச் சேதியைச் சொல்லியிருக்கிறாய், குடும்ப விஷயம் என்பதால் வீட்டில் வைத்துக் கேட்கச் சொல்கிறாய் என்றுதானே நினைப்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் மாமாவுக்கு இப்போது தொடர்ந்து நைட் ஷிப்ட். அவர் பகலில் தூங்கும்போது தனியாகப் போட்டுக் கேட்க மனம் வராமல், ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து கேட்கலாம் என்று பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சிங்கப்பெருமாள் கோவில் பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண் பெயர் ரஞ்சனி. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு ஒரு கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், எனக்கு அதுவே பிடித்துவிட்டது. ஜாதகம் பொருந்திவிட்டது. மார்கழி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவர்களுக்கும் அவசரம். ரயில்வேயில் கேட் கீப்பராக இருக்கும் பெண்ணின் அப்பா இராமச்சந்திரன், அம்மா மீனம்மாள், அத்தை ஒருத்தி என்று மூன்று பேர் வந்தார்கள். அந்த மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆரம்பித்த பேச்சைப் பாயில் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. ரயில் வரும் நேரத்தில் மட்டும்தான் வாயை மூடுவார் போலிருக்கிறது. நம் ஊரில் ரயிலும் இல்லை. பேசிப் பேசிக் கடைசியில் அவர் கேட்டது இது:

"போட்டோ பாத்தாச்சு, ஜாதகம் பாத்தாச்சு. ஆள நேர்ல பாக்காம பொண்ணு குடுக்கறோம். பையன் கொரலாவது காதுல உயுந்தா மனசு நெறஞ்சுடும்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கு இன்னாங்க, அவனே பேசின கேசட்டு கீது" என்று ஓடிப்போய் எடுத்துவந்தேன். டேப் ரிக்கார்டரை முக்காலியில் வைத்துத் துடைத்துப் பட்டனை அழுத்தினேன். எல்லோரும் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது போல முன்னால் குனிந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். "அங்க பனிக்காத்து அப்பிடி அடிக்குதுங்க" என்றேன். பிறகு டுப், டுப், டுப் என்று ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. மீனம்மாள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, "நெஞ்சு அடிச்சிக்கிற மாரியே கீதே, பையன் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். உடனே உன் மாமா, "அது பிரெஸ் மிஷினுங்க. மச்சான் லைன்ல நின்னுக்கினே பேசப் போறாரு" என்றார். இராமச்சந்திரனுக்குப் பரம சந்தோஷம். "வேல நேரத்துலயும் அக்கா ஞாபகம் பாரு!" என்று மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் கிணிகிணி என்றது, தண்ணீருக்குள் யாரோ ஆர்மோனியத்தை முக்கி வாசிப்பது போல இழுத்தது, அது அடங்குவதற்குள் இன்னொரு டுப் டுப் வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் "தோ, இப்ப பேசுவான்" என்றேன். ஒரு பக்கம் முழுக்க ஓடித் தானே நின்றுவிட்டது. நீ பேசவில்லை.

தம்பி, ஒன்று சொல்கிறேன். அவ்வளவு நேரமும் அவர்களுக்காக மட்டும் நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. 'அக்கா' என்று ஒரு வார்த்தை வந்துவிடும் என்று எனக்கே தவிப்பாக இருந்தது. போகட்டும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அதில்தான் விபரீதம். மழை சொட்டுவது போல ஏதோ சொட்டியது, உடனே ஒரு பெண்பிள்ளையின் குரல். தலையணையில் வாயை வைத்துப் பேசுவது போலக் குழைந்துகொண்டு, "கோம்... கோம்..." என்றது. சரி, ஒரு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டுப் டுப்புக்கு நடுநடுவே அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இராமச்சந்திரன் வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயடைத்துப் போனார். அத்தைக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"யாரும்மா அந்தப் பொம்பள?"

"ரேடியோவா இருக்கும் அத்தே."

"ரேடியோல எதுக்கும்மா ஒரே வார்த்தைய நூறு தபா சொல்றாங்க?"

உன் மாமா குறுக்கே விழுந்து, சிரித்துக்கொண்டே, "ஒரே வார்த்தைய நூறு தபா சொல்றது பொண்டாட்டிதாங்க!" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். ஆற்றி வைத்த காபி ஆடை படிந்து அப்படியே கிடந்தது. அன்று ராத்திரி உன் மாமாவுக்கு வெறும் ரசம்தான்.

மறுநாள் கேசட்டை எடுத்துக்கொண்டு படப்பையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நடேசனிடம் போனோம். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவே இல்லை, நான்தான் தோளைத் தட்டினேன். "கேசட்டு நல்லாத்தான்கா கீது. இது பாட்டு. ஆளே இல்லாம மிஷின வச்சிப் போடறானுங்க. ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ண ஒட்டிடுவானுங்க. குளுருக்கு வெளிய போவ முடியாம வூட்ல கீறவங்க கேக்கறதுக்கு" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. "அந்தப் பொம்பள?" என்றேன். "அதுவும் பாட்டுதான்கா" என்றார். ஒரு வார்த்தையில் ஒரு பாட்டா? மீதி உயிர் வரவில்லை. உன் மாமா சும்மா இருக்கிறாரா, கம்பெனியில் ஜெர்மனி போய்வந்த இன்ஜினியரிடம் 'கோம்' என்றால் என்ன என்று கேட்டுவந்துவிட்டார். 'வா' என்று அர்த்தமாம். வா, வா என்று உன்னை யாரடா அங்கே அப்படிக் கூப்பிடுகிறாள்?

இதற்கு நடுவில் உன் மாமா இன்னொரு கூத்து பண்ணினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் ரோட்டில் ஓடும் ஜல்லி லாரி சத்தத்தில் பகலில் அவருக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். முந்தாநாள் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். சாயந்திரம் எழுப்பினேன், எழவில்லை. தண்ணீர் தெளித்தேன், திரும்பிப் படுத்தார். ஷிப்டே போய்விட்டது. சூப்பர்வைசர் காரணம் கேட்டதற்கு, "மச்சான் ஜெர்மனிலருந்து தூக்கம் அனுப்பிக்கிறாரு சார்" என்று சொல்லியிருக்கிறார். மெமோ கொடுத்துவிட்டார்கள். நானும் ஒன்றை மறைக்க மாட்டேன். காலையில் பனி மூடிக்கொண்டு எதிர்வீடு தெரியாத நேரத்தில், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதைச் சின்னதாக ஓடவிட்டேன். கம்பளியை யாரோ தோளில் போர்த்தியது போல இருந்தது. பொங்கின பாலைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் அது வேறு விஷயம்.

முக்கியமான விஷயம், அம்மா போன பிறகு உனக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் நான். அங்கேயே எவளையாவது கட்டிக்கொண்டிருந்தால் நேராக எழுதிவிடு. ஒரு நாள் அழுவேன், ஒரு வாரம் திட்டுவேன், பிறகு அவளுக்கும் சேர்த்துப் புடவை எடுத்து வைப்பேன். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அதையும் சத்தியம் பண்ணி எழுது. சிங்கப்பெருமாள் கோவில் சம்பந்தம் முடிந்துபோன கதை, தரகரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் எந்தக் கேசட்டும் அனுப்பாதே. வாயால் பேசு, இல்லாவிட்டால் பேனாவால் எழுது. மிஷினை விட்டுப் பேசவைக்காதே.

எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல், நம் குலசாமி துணையோடு நன்றாக இரு. மாமா விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், ஆனால் அவருடன் நான் இன்னும் பேசவில்லை.

உன் அன்பு அக்கா,
கலைமதி

பின்குறிப்பு, 14-12-1991: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் சத்தம். பார்த்தால் தாம்பாளத்தில் பூவும் பழமுமாக இராமச்சந்திரனும் மீனம்மாளும் நிற்கிறார்கள்! அவர் வாயைத் திறந்தார். "நீ கம்முனு இரு" என்று சொல்லிவிட்டு மீனம்மாளே பேசினாள். வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் மகளிடம் சொல்லி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார்களாம். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாளாம்: "ஒரு பொம்பள நூறு தபா ஒண்ணையே சொல்லிக்கினு கீறா. அந்தாளு எதுத்து ஒரு வார்த்த பேசாம கேட்டுக்கினு கீறாரு. அப்பாகூட இத்தினி வருசம் இருந்துட்டேன் நானு. கட்டுனா அவரத்தான் கட்டுவேன்."

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே, படித்திருந்தால் மறந்துவிடு. மார்கழிக்கு முன்னால் நாளைக்கே தட்டு மாற்றிக்கொள்கிறோம். தை பிறந்ததும் புறப்பட்டு வா. மாமா கேட்கிறார், அதே மாதிரி இன்னும் இரண்டு கேசட் கொண்டுவா. ரஞ்சனிக்குக் கடிதம் எழுதினால் நாலு வரிக்கு மேல் போகாதே. நீ வாயைத் திறந்தால் மூடாதவன் என்பது படப்பை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மட்டும்தான் தெரியாது. தாலி கட்டும் வரைக்கும் தெரியவும் வேண்டாம்.