பாஸ்டரை முந்திப்போன சக்கரம்

பத்திரிகையில் வாகனப் பக்கம் தயாரிக்கிறவனுக்கு வாகனம் தெரியும் என்று வாசகர்கள் நம்பலாம். அதனால் யாருக்கும் கேடில்லை. மாமனார் நம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். வாரத்துக்கொரு முறை வரும் வாகனப் பக்கத்தை வேறு யாரும் ஏற்காததால் என் மேசைக்குத் தள்ளியிருந்தார்கள். வரும் கட்டுரைகளில் ஒற்றுப்பிழை பார்ப்பேன், தலைப்பு வைப்பேன். (எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதன் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதையே ஷெட்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.) அந்தப் பக்கத்தில் ஒருமுறை, எடை குறைந்த அலாய் சக்கரங்களைப் பற்றி, கம்பெனிக் குறிப்பைப் பார்த்து நான் எழுதிய கட்டுரை என் பெயரோடு வந்துவிட்டது. அதை வெட்டி வைத்திருந்தார் மாமா.

மாமா நெய்யாற்றின்கரையில் பல் மருத்துவர். வீடு பாறசாலைக்கு இப்பால், தனுவச்சபுரம் போகும் சாலையில். அவரிடம் இருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. ஏதோ தேயிலை எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி, பல வருடம் சொத்தைப் பல்லைப் பார்க்கும் பொறுமையோடு சரிசெய்திருந்தார். இளைய மகள் ஜெமியின் கல்யாணத்தன்று அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சபைக்கு ஓட்டிப் போக வேண்டும். அதுதான் அவருடைய ஒரே ஆசை. தடையாக இருந்தவை சக்கரங்கள். பழைய இரும்புச் சக்கரங்கள் துருவேறி, ஒன்று வளைந்தும் இருந்தது.

"மருமோனே, நீரு பாத்துச் சொன்னா மதி. எழுதினவரு நீருதானே" என்றார்.

நான் என் கட்டுரையை மறுபடி படித்தேன். நாலு துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பொருந்த வேண்டும், நடுத்துளை அச்சுமுனையில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஆஃப்செட் சரியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நானே எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆஃப்செட் பத்திரிகை அச்சடிப்பது. காருக்கு அது எதற்கு என்று குழம்பி, இரண்டு நாள் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு, சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்ற கணக்கு அது என்று பிடிபட்டது. உட்காரும் இடம் தவறினால் டயர் மட்கார்டில் உரசும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சக்கரங்களைச் சரியாகவே தேர்ந்தெடுத்தேன். இரும்புச் சக்கரத்தின் பழைய நட்டுகள் அலாய்க்கு ஆகாது, துளையின் சரிவுக்கு ஏற்ற நட்டுகள் தனியாக வேண்டும் என்பதுகூட நினைவிருந்தது. குறித்த அளவு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்றையும் நண்பனிடம் இரவல் வாங்கியிருந்தேன். மாமா ஒரு சக்கரத்தைக் கையில் தூக்கி, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "நல்ல ஆரோக்கியமாட்டு இருக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மாட்டினோம். காரை டயர்க் கடைக்கு அனுப்ப மாமாவுக்கு மனம் வராததால், கடைக்கார வில்சன் ஜாக்கியோடு வீட்டுக்கே வந்தார். முறை இதுதான்: நட்டுகளைக் கையால் திருகி, வண்டியை இறக்கி, சக்கரம் தரையைத் தொட்டபின் எதிரெதிராக ரெஞ்சால் இறுக்க வேண்டும். வில்சன் திருகி இறக்குவார், நான் 'டக்' வரவைப்பேன். மூன்று சக்கரங்கள் முடிந்தன. நாலாவது, முன் இடப்பக்கம். வில்சன் நட்டுகளைக் கையால் திருகி நிமிரும்போது பாஸ்டர் வந்துவிட்டார்.

புதிதாக எது வந்தாலும், கிணறோ கடையோ காரோ, எங்கள் சபைக்காரர்கள் ஜெபம் பண்ணித்தான் தொடங்குவார்கள். பாஸ்டர் மத்தியானம்தான் வருவதாக இருந்தது. தனுவச்சபுரத்தில் ஒரு வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் முன்னாலேயே வந்தார்.

"எலே வில்சா, வண்டிய கீழ எறக்கு. ஒத்தக்கால தூக்கிட்டு நிக்கியதுக்கு முன்னால நின்னா ஜெபம் பண்ணுவாவ?" என்றார் மாமா.

வில்சன் இறக்கினார். நான் ரெஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பாஸ்டர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகக் காருக்கும், கல்யாணத்துக்கும், சபையில் காய்ச்சலாகக் கிடப்பவர்களுக்கும், ஆளுகிறவர்களுக்கும் ஜெபித்தார். ஆமென் சொன்னோம். உடனே டீயும் முந்திரிக்கொத்தும் வந்தன. மாமா ஆசையோடு நாலு சக்கரங்களிலும் நட்டுகளை மறைக்கும் பளபளப்பான மூடிகளை அழுத்திப் பொருத்தினார்.

இங்கேதான் நடந்தது. ஜெபம் என்பது எங்களுக்கு வேலை முடிந்ததன் அடையாளம். ஆமென் சொன்னபின் ஒரு வேலை மிச்சம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. வில்சன் வண்டியை இறக்கியதைப் பார்த்தேன், ஆகவே முடிந்தது என்று நினைத்தேன். நான் ரெஞ்சைப் பெட்டியில் வைப்பதை வில்சன் பார்த்தார், ஆகவே முடிந்தது என்று நினைத்தார்.

"மருமோனே, பாஸ்டரெ கொண்டு விட்டுட்டு வாரும். வண்டியும் ஒண்ணு ஓடட்டு."

ஓட்டினேன். சாலையோரம் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். (என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கொஞ்ச தூரம் நினைத்துக்கொண்டேன்.) ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. பழைய கார் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணினேன். இடப்பக்கமிருந்து லொடலொடவென்று ஒரு சத்தம்.

"தம்பி, இந்தச் சத்தம் உள்ளதாக்குமா?" என்றார் பாஸ்டர்.

"ஸ்போர்ட்ஸ் கார் பாஸ்டர். அப்படித்தான் கேட்கும்."

ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய இறக்கத்தில் மெதுவாகத்தான் போனோம். திடீரென்று கார் இடப்பக்கம் சரிந்தது. தரையில் இரும்பு தேயும் சத்தம். அதே சமயம் பளபளப்பான ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு சாலையில் நிதானமாக உருண்டு போனது. பத்திரிகை அலுவலகத்தில் ஒரே சம்பவம் இரண்டு நிருபர்களிடமிருந்து இரண்டு செய்தியாக வரும். இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று என்னால் முடியவில்லை. கார் நின்ற பிறகும், அந்தச் சக்கரம் யாருடையது என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"முன்னால பாரும் தம்பி. நம்மளுதாக்கும்" என்றார் பாஸ்டர்.

சக்கரம் இறக்கத்தின் அடியில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டின் திறந்த கேட்டுக்குள் நுழைந்து, படியில் முட்டி விழுந்தது. பாஸ்டரின் சபையிலிருந்து பிரிந்துபோனவர்கள் கட்டிய ஜெபவீடு அது. உள்ளே பாட்டு நின்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். முன்னொரு காலத்தில் பாஸ்டரின் பாடகர் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

"பாஸ்டரே, அடி ஒண்ணும் படல்லியே? நாங்க ஒரு ஜெபம் பண்ணட்டா?"

பாஸ்டர் கீழே இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வேண்டாம் பிரதரே. ஜெபம் ஆச்சு. நட்டு எங்க கெடக்குன்னு பாப்போம்."

இரண்டு சபைகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்ததை அன்றுதான் பார்த்தேன் என்று பாஸ்டரே பிறகு சொன்னார். குனிந்து, சருகை விலக்கி, எல்லோருமாக நட்டு தேடினார்கள். கிடைத்தது. ஆனால் நட்டு ஏறும் போல்ட்டுகள் வளைந்து, மரைகள் மழுங்கிப் போயிருந்தன. பிரேக் டிரம்மின் விளிம்பும் தேய்ந்திருந்தது.

சேதி போய் மாமாவும் வில்சனும் வந்தார்கள். வில்சன் குனிந்து பார்த்தார். "சாரே, நீரு முறுக்கேல்லியா?"

"நீங்க முறுக்கலையா?"

"ஜெபம் முடிஞ்சுல்லா" என்றார் வில்சன். என்னிடமும் இருந்தது அதே பதில்தான்.

மாமா தேய்ந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றார். இந்தக் காருக்கான போல்ட்டு அன்று மாலைக்குள் எங்கும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். காரை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் ஜெமி நின்றாள், கையில் மருதாணியோடு.

"நல்லதாப் போச்சு அப்பா. அதுல போனா முடியெல்லாம் கலைஞ்சிரும். எனக்கு மொதல்லயே இஷ்டமில்ல" என்றாள்.

அவள் உண்மையைச் சொன்னாளா, அப்பாவுக்காகச் சொன்னாளா, அல்லது எனக்காகவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மனைவியிடம் கேட்டால், "நீங்க அத ஆராய வேண்டாம்" என்கிறாள். மறுநாள் மணப்பெண் பக்கத்து வீட்டு வேனில் போனாள். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுவதும் அவள் கையைப் பிடித்திருந்தார். வேனில் அதற்கு இடம் தாராளமாக இருந்தது என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

கார் இப்போது அதே அலாய் சக்கரங்களில் நன்றாக ஓடுகிறது. பாஸ்டர் எந்த வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனாலும், வேதத்தைத் திறக்குமுன் "வேலையெல்லாம் தீந்துதா?" என்று இரண்டு பேரிடமாவது கேட்கிறார். எங்கள் குடும்ப ஜெபத்தில் மாற்றம் ஒன்றுதான். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மாமா மட்டும் மூடுவதில்லை. ஆமென் வரைக்கும் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார்.