கயிற்றுக்குள் போன கதிரை

சேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை பின்னேரம்.

என் அன்பு மகள் ரொஷேலுக்கு உன் பெரியப்பா கொன்ஸ்ரன்ரைன் எழுதுவது. தேவ கிருபையால் நானும் பெரியம்மா பிறிஜெற்றும் சுகம். மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் தடிமன் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

இந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, மன்னித்துக்கொள். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. இது நானே எழுதுவது! இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பெரியம்மா பாதியை விழுங்கிவிட்டு எழுதியவை. இப்போது செலீன் ரீச்சரின் சனிக்கிழமை வகுப்பில் எழுத்துப் படித்துவிட்டேன். வரிகள் மேலே மேலே ஏறிப் போகும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின கை, அதற்குத் தூக்கித்தான் பழக்கம்.

வகுப்பு நடக்கிற மண்டபத்தின் மேல்மாடியில் வட்டார வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பழைய படங்களைச் சேர்ப்பார்கள், கிழடுகளைப் பிடித்து இருத்திக் குரலைப் பதிவு செய்வார்கள், எந்தத் தெருவுக்கு முன்பு என்ன பெயர் என்று சண்டை பிடிப்பார்கள். தலைவர் சிவபாதசுந்தரம் வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். அங்கே வரலாற்றையெல்லாம் இடித்து மாடிவீடு கட்டி முடித்துவிட்டதால், எங்களுடையதையாவது காப்பாற்ற வருகிறார். அவருக்குள்ள பெரிய கரைச்சல், கொட்டாஞ்சேனைச் சனம் பழைய சாமானை இன்னும் பாவித்துக்கொண்டிருப்பதுதான். அடுத்த வீட்டுப் பர்ஸானா தன் மாமியாரின் அம்மியைக் காட்சிக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கிழமைதோறும் மேலே ஏறிப் போய் அதிலேயே சம்பல் அரைத்துக்கொண்டு வருகிறாள்.

இப்படியிருக்க, நான் கண்ணில் புரை வெட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால், விறாந்தையில் என் சாய்மனைக் கதிரையைக் காணோம். உனக்குத் தெரியும், வேலையை விட்ட பிறகு எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. அதில் சாய்ந்தால்தான் முதுகு என்னோடு சமாதானமாகும். எங்கே என்று கேட்டேன். “குடுத்திருக்கு, வரும்” என்றாள் பெரியம்மா, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து சும்மா மேல்மாடிக்கு ஏறினேன். அங்கே நடுவில், சுற்றிவரக் கயிறு கட்டி, மேலே லைட் போட்டு, என் கதிரை! பக்கத்தில் ஒரு அட்டை. வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் எழுத்து அதுதான், மகள். ‘கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்றின் அன்பளிப்பு. தொடவோ உட்காரவோ வேண்டாம்.’ வாசித்து முடித்த சந்தோஷத்தில் கைதட்டினேன். பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது விளங்கியது.

அன்றோடு பெரியம்மாவுடன் கதை இல்லை. “இந்தாங்க, அந்தக் கதிரை...” என்று அவள் இரண்டொரு தரம் தொடங்கினாள். கையை உயர்த்தி நிறுத்திவிட்டேன். கட்டின புருசனின் கதிரையைத் தானம் பண்ணிவிட்டு என்ன விளக்கம்? நேரே தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உது இப்ப சாமான் இல்லை, வரலாறு. திருப்பிக் குடுத்தால் நாளைக்குப் பர்ஸானா அம்மியையும் கேப்பா.”

“அவ கேக்கல்லியே, அரைச்சிட்டுத்தானே போறா. நானும் இருந்திட்டுப் போறேன்” என்றேன். மனுசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். ஆகவே ஒருநாள் ஆள் இல்லாத நேரம் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சாய்ந்தேன். பிரம்பு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, பரவாயில்லை. கண் அசந்த நேரம் செலீன் ரீச்சர் முன்னால் நிற்கிறார்.

“கொன்ஸ்ரன்ரைன் அண்ணே, அட்டையில என்னா எழுதியிருக்கு? வாசிங்க.”

வாசித்தேன், ஒரு எழுத்தும் பிசகாமல்.

“கெட்டிக்காரர். இப்ப எழும்புங்க.”

போன வருசம் என்றால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பியிருப்பேன். படிப்பு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு நடந்ததுதான் புதினம். எங்கள் சனத்தை உனக்குத் தெரியும். எதையாவது கயிறு கட்டி, லைட் போட்டு வைத்தால், சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். முகத்துவாரத்து மீன்காரி ஒருத்தி கதிரைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனாள். அந்தக் கிழமையே மகனுக்கு இத்தாலி விசா கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், அடுத்த கிழமை படிக்கட்டுவரை சனம். மல்லிகை மாலை, நேர்த்திக்குக் கட்டின ரிபன், கைப்பிடியெல்லாம் மெழுகு. தலைவர் தலையில் கைவைத்தார்.

“இது வரலாற்றுச் சங்கம், கோயில் இல்லை!”

“கும்புடக்கூடாதுன்னா ஏன் மாத்தயா லைட் போட்டீங்க?” என்று கேட்டாள் மீன்காரி.

இதுதான் நேரமென்று, “தொந்தரவு எதுக்கு, நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்” என்றேன். பெண்கள் கயிற்றைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “தொட்டுப் பாருங்க” என்றாள் ஒருத்தி. எனக்குப் பல் கொஞ்சம்தான் மிச்சம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் சங்கம் கூட்டம் போட்டு ஒரு முடிவெடுத்தது. கதிரையில் ஒரு ஆள் குந்தியிருந்தால் அது வெறும் கதிரை என்று சனத்துக்கு விளங்கும், மெழுகுதிரியும் நிற்கும். யார் இருப்பது? தலைவர் என்னைப் பார்த்தார். “மிஸ்டர் கொன்ஸ்ரன்ரைன், பின்னேரத்தில உங்களுக்கு வேலை ஒண்டும் இல்லைத்தானே?” மகள், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். இப்போது தினமும் நாலு மணிக்குக் கயிற்றை அவிழ்த்து என்னை உள்ளே விட்டு மறுபடி கட்டுகிறார்கள். என் கதிரையில் நான். முன்னால் அந்த அட்டை, தொட வேண்டாம் என்று. பெரியம்மாகூட என்னைத் தொந்தரவு பண்ண முடியாது. மெழுகுதிரி நின்றதா என்று கேட்பாய். நேற்று மீன்காரி கொளுத்தி வைத்துவிட்டு, என்னை ஒருதரம் பார்த்தாள். புகை என் புதுக் கண்ணில் படாமல் திரியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியார் உங்களைத் தொலையாமல் காப்பாராக. வரும் கிழமையும் எழுதுவேன், அதற்குள் வரியைக் கீழே இறக்கப் பழகிவிடுவேன்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா,
கொன்ஸ்ரன்ரைன்.

பி.கு: கடிதத்தை மடிக்கும் நேரம் தச்சு வேலை ஜவாத் வாசலில் வந்து நிற்கிறான், தலையில் என் சாய்மனைக் கதிரையோடு. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது புதுப் பிரம்பு பின்னப் பெரியம்மா அவனிடம் கொடுத்தாளாம், அவன் இத்தனை நாள் இழுத்தடித்தானாம். “அதத்தானே சொல்ல வந்தேன், நீங்க கையத் தூக்கிட்டீங்க” என்றாள். சாய்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். ஆனால் புதுப் பிரம்பு முதுகைக் கடிக்கிறது. சங்கத்தில் நான் இருப்பது யாருடைய கதிரை என்று தெரியவில்லை. கேட்கப் போவதும் இல்லை, நீயும் ஒருவருக்கும் சொல்லாதே. நாலு மணியாகப் போகிறது, சனம் வந்திருக்கும்.