டப்பாவில் அடைத்த தூக்கம்

சென்ற மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், காலை பத்தே முக்கால் மணிக்கு, என் தங்கையின் கணவர் தாம் ஓட்டிவந்த நகரப் பேருந்தைப் பணிமனைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். உள்ளே பயணிகள் இல்லாததால் உயிர்கள் தப்பின. பட்டப்பகலில், ஓட்டும்போதே அவர் கண்ணயர்ந்திருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். என் குறை பேருந்தின்மீது அன்று, சுவரின்மீதும் அன்று, துயில்வள்ளல் என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட ஓர் ஆசாமியின்மீது.

மாப்பிள்ளைக்குச் சொரியாசிஸ். முழங்கையிலும் முதுகிலும் தோல் சிவந்து தடித்து, வெண்செதில்களாக உதிரும். தொற்றுநோய் அன்று, ஆயினும் அவர் தொட்ட கம்பியைக் கைக்குட்டையால் பிடிக்கும் அறிவாளிகள் உண்டு. பகலை எப்படியோ ஓட்டிவிடுவார். படுத்தால் அரிப்பு எழுப்பிவிடும். ஈராண்டுகளாக அவர் முழுதாக உறங்கியதில்லை. தோல் மருத்துவரிடம் இதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரு தோல் டாக்டர், மச்சான். அவர்கிட்டப் போய்த் தூக்கத்தப் பத்திப் பேசுனா சிரிக்க மாட்டாரா?"

சிரிக்காத ஒருவரைத் தேடிப் போனார்.

ஞாயிறுதோறும் வாடகைக் கூடம் ஒன்றில் வள்ளல் காட்சி தருவார். வாசலில் செருப்புகள் மலைபோல் குவியும். அவருடைய தத்துவம் எளிது: உடம்பிலிருந்து உதிரும் ஒவ்வொரு செதிலும் உறைந்துபோன உறக்கமாம். உதிர்ந்ததைப் பொறுக்கி எடுத்து வந்தால், அவர் தம் பார்வையால் உருக்கித் தண்ணீரில் கலந்து திருப்பித் தருவாராம். களிம்பு பூசினால் உறக்கம் வழுக்கிவிடுமாம். ஆகவே களிம்பைக் குப்பையில் போட வேண்டுமாம். செதில் இல்லாத உடம்பில் அந்நீருக்கு எவ்வேலையும் இல்லையாம்.

படித்தவர்கள் கேட்டார்கள்; கைதட்டினார்கள். மாத்திரை டப்பா, பொத்தான் டப்பா, பவுடர் டப்பா என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் தத்தம் தூக்கத்தை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு வங்கி அதிகாரி தமது டப்பாவில் தேதி எழுதி ஒட்டியிருந்தார்.

என் தங்கை மருந்துக்கடையில் பணியாற்றுபவள். அவள் வீட்டில் போர்வையை உதறத் தடை விதிக்கப்பட்டது.

"அண்ணா, மூணு வாரமா மெத்தை விரிப்பத் துவைக்க விட மாட்டேங்கறாரு. என் தூக்கத்த ஏண்டி கொட்டறேங்கறாரு. அங்கேருந்து கொண்டுவந்த தண்ணில தினம் ராத்திரி ஒரு குவளை. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறாரு, சரி. ஆனா காலைல வாய் உலருது, நாக்கு குழறுது, பதினொரு மணி வரைக்கும் கண்ணு சொருகுது. இதே மாதிரி எங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நான் பாத்திருக்கேன்."

விபத்துக்குப் பின்னரும் மாப்பிள்ளை தெளியவில்லை. செதில் போதவில்லை என்றாராம் வள்ளல். திங்கட்கிழமை காலை மீண்டும் வண்டியெடுக்க வேண்டும். அறுபது பேர் ஏறுவார்கள்.

முந்திய நாள் பிற்பகல் மூவரும் கூடத்திற்குச் சென்றோம். தங்கை எழுந்து நின்று, மிகவும் பணிவாகப் பேசினாள்.

"ஐயா, உங்க உடம்புல ஒரு செதிலும் இல்ல. இந்தத் தண்ணி உங்கள ஒண்ணும் செய்யாதுதானே?"

"செய்யாது, மகளே."

"அப்ப எல்லார் முன்னாடியும் ஒரு குவளை குடிச்சுட்டு, ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்து பேசுங்க. என் வீட்டுக்காரர் மனசுல சந்தேகம் இருக்கு. அது போயிரட்டும்."

"எனக்கா சந்தேகம்?" என்று மாப்பிள்ளை பதறினார்.

"சும்மா இருங்க. அவரு முழிச்சிருந்தா நீங்க இந்தத் தண்ணியவே குடிங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். தூங்கிட்டா நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட வரணும். சரியா?"

"சரி. ஆனா தோத்துட்டு அழக் கூடாது."

வள்ளல் மறுக்க வாயெடுத்தார். அதற்குள் பக்தர்கள் முந்திக்கொண்டார்கள். "குடிங்க சாமி! இந்தம்மா வாய அடைங்க!" என்று கூடமே அதிர்ந்தது. எதிரிகள் கேட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார், கேட்டவர்கள் அன்பர்கள். குடித்தார்.

குடித்த கையோடு, வெளியூரில் அவசர அலுவல் என்று எழுந்தார்.

"போய்ட்டு நிதானமா வாங்க சாமி, நாங்க இருக்கோம்," என்றார் பொத்தான் டப்பா வைத்திருந்த தையல்காரர். "விடிய விடிய முழிச்சிருக்கறது எங்களுக்குப் புதுசா என்ன?"

வள்ளல் உட்கார்ந்தார். ஊரை ஏமாற்றுபவர் எவரும் செய்யாத தவறு ஒன்றை அவர் செய்திருந்தார்: உறக்கம் வராத முந்நூறு பேரை ஒரே கூடத்தில் திரட்டியிருந்தார். அவர்களைக் களைக்க வைக்க முடியாது. கண்ணசர வைக்கவும் முடியாது. அறுநூறு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

இருபதாம் நிமிடத்தில் வள்ளலின் பேச்சு குழறியது. முப்பதாம் நிமிடத்தில் 'அன்பர்களே' என்பதை நான்கு முறை சொன்னார். நாற்பதாம் நிமிடத்தில் தலை மார்பில் சாய்ந்தது.

"வள்ளல் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார்!" என்று அறிவித்தார் உதவியாளர்.

வள்ளலின் சட்டையில் செருகியிருந்த ஒலிவாங்கியை அணைக்க அவர் மறந்துவிட்டார். தியானம் குறட்டையாகக் கிளம்பி, நான்கு ஒலிபெருக்கிகள் வழியே தெருக்கோடிவரை சென்றது.

தங்கை பின்னறைக்குள் புகுந்தாள். கூடவே தையல்காரரும் வங்கி அதிகாரியும் சென்றார்கள். அங்கே அந்தத் தண்ணீரைக் கலக்கும் வாளி; அதன் அருகே ஒரு கூடை நிறைய, பிரித்துப் போட்ட மாத்திரை அட்டைகள். அவள் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"தூக்க மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாம நான் ஒண்ணுகூட எடுத்துக் குடுக்க மாட்டேன். இந்த ஆளு வாளில கரைச்சிருக்காரு!"

அப்போதும் முன்வரிசை அம்மையார் ஒருவர் கண்ணீர் துடைத்தார். "பாவம், நம்ம எல்லார் கஷ்டத்தையும் தான் வாங்கிக்கிட்டு அசந்துட்டாரு." இவரையும் வாக்குச்சாவடியில் ஒருவராகத்தான் எண்ணுகிறார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை வண்டியெடுக்கவில்லை; தோல் மருத்துவரிடம் சென்றார். தூக்கம் இல்லாததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை, கடிந்துகொண்டார். "இத முதல்லயே சொல்ல வேண்டாமா? அரிப்ப அடக்கற மாதிரி மருந்த மாத்தியிருப்பேனே!" சிகிச்சையை மாற்றினார். மாப்பிள்ளை இன்னும் சில இரவுகளில் விழிக்கிறார். ஆனால் பகலில் விழித்தே ஓட்டுகிறார்.

வாசகரே, உம்மிடம் நேராகக் கேட்கிறேன். அரிப்பினால் உறக்கம் கெட்டால், அந்தக் குறையை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லும். இரவெல்லாம் விழித்திருக்க உமக்குத் தெரிகிறது; பகலில் ஒரு மணி நேரமாவது அறிவை விழிக்கவிடும்!