உங்கள் மாப்பிள்ளையும் ஆறுமணிக்குருவியும்

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அண்ணன் சின்னக்கருப்பன் அவர்களுக்கு,

தங்கை ஜெயபாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் குறை, அதுவும் எனக்கு மட்டும். மதினியின் முட்டுவலி தேவலையாகியிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தால் இவர் பக்கத்தில் வந்து நின்று, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிடுகிறார். இதுவோ அவரைப் பற்றிய விஷயம்.

மில் ஆபீசிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது மகள் கனகலட்சுமி நீள லென்ஸ் வைத்த கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தாள் அல்லவா? அத்தனை வருடம் கம்ப்யூட்டரில் நூல் கணக்குப் பார்த்த கண்ணுக்கு ஒரு மீன்கொத்தியின் நீலம் என்ன செய்யும் என்று எப்படிச் சொல்வேன்? அன்று முதல் விடிந்தால் எனக்குக் கால் வீட்டில் நிற்பதில்லை. அப்போதுதான் உங்கள் மாப்பிள்ளையும் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க ராஜபாளையத்தில் தெருவா இல்லை? "காட்டுக்குத் தனியாவா போவ? நானும் வாரேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்றது அவர்தான் அண்ணே, அவருடைய குரல் இன்னும் பணியில்தான் இருக்கிறது.

முதலில் வத்திராயிருப்புக் கண்மாய். கூழைக்கடாப் பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கின்றன, நான் கரையில் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், இவர் பையில் இருந்த செல்போன் பேண்டு வாத்தியம் வாசிக்கிறது. மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. "பறக்கும்போது எடுட்டி, அதுதான அழகு" என்றார். அது போகட்டும் என்றால், பக்கத்து வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தவரை "ஏலே, எந்த ஊரு? ஆதார் வச்சிருக்கியா?" என்று ஒரு அதட்டல். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கம்பைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். வாத்துகள் என்ன செய்யும்? நெல் நின்ற அடுத்த வயலுக்குள் இறங்கின. அவர் பயம் தெளிந்து திரும்பி வரும்வரை ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று வாத்து மேய்த்தோம். என் கேமராவில் அன்று இருந்ததெல்லாம் வாத்து. வளர்ப்பு வாத்து.

அடுத்த வாரம் மம்சாபுரம். ஒரு வீட்டுக் கொல்லையில் தென்னையில் பொன்முதுகு மரங்கொத்தி. லென்ஸை நீட்டினேன். வீட்டுக்காரி முத்தாத்தாள் வெளியே வந்து, "யாரு தாயி நீ? எங்க வீட்ட எதுக்குப் போட்டோ புடிக்க? ரோடு போட இடிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். மரங்கொத்தி என்று நான் சொல்வதற்குள் இவர் முன்னால் வந்து, "ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விசாரணை" என்றுவிட்டார். அந்த ஒரு சொல் போதுமே! தெருவே கூடிவிட்டது. ஒருத்தருக்குக் கோழி காணோம், இன்னொருத்தருக்கு வேலித் தகராறு. நாற்காலி போட்டார்கள், காபி வந்தது, இவர் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் விசாரித்தார். கோழி கிடைத்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மரங்கொத்தி கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன் அண்ணே. இன்று காலை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆறுமணிக்குருவி என்று ஒன்று பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றடியில் குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு. காலையும் மாலையும் நேரம் தவறாமல் கூவும், ஆள் கண்ணில் மட்டும் படாது. எத்தனையோ வாரமாக நான் அதற்காகத் தூக்கம் கெட்டு அலைகிறேன். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வல்லரசு, குரல் கேட்கிறது என்று சொல்லி, உள்ளே இருக்க அனுமதியும் கொடுத்தார். "காட்டுமாடு வந்து போகுது, பாத்து இருங்க" என்றும் சொன்னார்.

சருகில் படுத்திருந்தேன். எறும்பு கழுத்தில் ஏறியது, அசையவில்லை. குருவி வந்தது அண்ணே! மாமரத்தடியில், சருகைப் புரட்டிப் புரட்டி, என்னைப் பார்த்து. நான் பித்தானை அழுத்துகிறேன், அதே நொடியில் "ஏய்ய்! நில்லு அங்க!" என்று ஸ்டேஷன் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம், லென்ஸுக்கு முன்னால் இவருடைய முதுகு. குருவி போயே போய்விட்டது. நான் எழுந்து பார்த்தபோது வேலிக்கு அப்பால் ஒரு காட்டுமாடு புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"குருவிய வெரட்டிட்டீங்களே!"

"மாடு வந்துச்சுட்டி."

"அது எம்புட்டுத் தூரத்துல போகுது! அதுக்கா இந்தக் கூப்பாடு?"

வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கோபமாம்! கோபப்பட வேண்டியவள் நான்.

ஆகையால் தங்கையின் ஒரே வேண்டுகோள். மதுரையில் நீங்கள் கட்டுகிற வீட்டுக்கு மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை என்று சொல்லி உங்கள் மாப்பிள்ளையை உடனே கூப்பிடுங்கள். கொத்தனாரை அதட்டலாம் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவார். பனி முடிந்து அந்தக் குருவி ஊர் திரும்பும்வரை வைத்திருந்தால் போதும். மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், கொத்தனாருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த தங்கை
ஜெயபாய்

பின்குறிப்பு: சாயங்காலம் படங்களை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். குருவி எல்லாவற்றிலும் மங்கல். ஒரே ஒரு படம் தெளிவாக விழுந்திருக்கிறது. கேமரா குருவியை விட்டுவிட்டு இவர் முதுகைப் பிடித்திருக்கிறது. ஒரு காலில் செருப்பு இல்லை, இரண்டு கையையும் அகல விரித்து நிற்கிறார், கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது. அவருக்கு முன்னால், எட்டித் தொடுகிற தூரத்தில், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு அந்த மாடு. தெருநாய் குரைத்ததை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்கிற மனிதர் இதை எனக்குச் சொல்லவில்லை அண்ணே. எழுப்பி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னா பொறவு நீ காட்டுப் பக்கமே போவ மாட்டேல்ல?" என்றார்.

கொத்தனாரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.